ஆரஞ்சு முள் கத்தரி: மதுரை வெயிலில் தோன்றும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட சொலானம் பைராகாந்தோஸ் என்னும் முட்செடியை மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் அழகுக்காக வளர்ப்போருக்கு இந்த வழிமுறை. சாம்பல் பூத்த பச்சையில் நீண்டு, ஓரங்களில் ஆழமாக வெட்டுப்பட்ட இலைகளும், அவற்றின் நடுநரம்பில் மேலும் கீழுமாக நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிற முட்களும், மஞ்சள் மகரந்தப் பைகளைச் சூழ்ந்த ஊதா இதழ்களும் இதன் அடையாளம். நன்றாக வளர்ந்த செடி ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் வரும். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் எதையும் நான் கேட்டதில்லை. ஆரஞ்சு முள் கத்தரி என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

சொலானம் பேரினத்தில் முள்ளுடைய செடிகள் ஒரு பெரிய கிளை. நாம் சமைக்கும் கத்தரியும், சுண்டையும், கண்டங்கத்திரியும் அந்தக் கிளையைச் சேர்ந்தவையே. எனவே கத்தரிப் பாத்தியில் வரும் பூச்சிகளில் பலவும் நோய்களில் பலவும் இந்தச் செடியையும் தேடி வருகின்றன, கத்தரிக்கு நம் விவசாயிகள் செய்யும் வைத்தியமே பெரும்பாலும் இதற்கும் பொருந்துகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. கத்தரியில் காய்தான் பலன் என்பதால் நான்கு இலை ஓட்டையானாலும் யாரும் வருந்துவதில்லை. இந்தச் செடியில் இலையும் முள்ளுமே அழகு. காய் உணவுக்கு ஆகாதது. ஆகையால் இலையில் தோன்றும் சிறு மாற்றத்தையும் முதல் நாளிலேயே கவனிக்க வேண்டும்.

செடியின் எல்லாப் பாகங்களிலும் நச்சு இருப்பதாகவே கொள்ள வேண்டும். சுண்டைக்காயை மோரில் ஊறவைத்து வற்றல் போடும் வீடுகளில் இந்தச் செடியின் உருண்டையான பச்சைக் காயைச் சுண்டை என்று எண்ணிப் பறித்துவிடும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. சுண்டையின் பூ வெள்ளை, இதன் பூ ஊதா. சுண்டைத் தண்டின் முட்கள் குட்டையாக வளைந்தவை, இதன் முட்கள் நீண்டு நேராக நிற்பவை. வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் வேலைக்கு வரும் அம்மாவிடமும் இதைச் சொல்லி வைப்பது செடி வைப்பவரின் கடமை. ஆடு நுழையும் இடத்திலும், குழந்தைகள் பந்து விளையாடும் இடத்திலும் இதை வைக்க வேண்டாம்.

எந்த அறிகுறி தோன்றினாலும் மருந்து தெளிப்பானை எடுப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும்: இலையின் அடிப்புறம், வேர் இருக்கும் மண். தோல் கையுறை அணிந்து, நீண்ட இடுக்கியால் இலையைத் திருப்பிக் காலை வெளிச்சத்தில் பார்த்தால் பூச்சியா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கிளறிப் பார்த்தால் நீர் மிகுதியா, குறைவா என்பது தெரிந்துவிடும். நம் ஊரில் இந்தச் செடிக்கு வரும் துன்பங்களில் பெரும்பகுதி தண்ணீராலும் வெயிலாலும் வருவதுதான் என்பது என் உறுதியான கருத்து. அவற்றுக்குப் பூச்சிமருந்து அடிப்பதால் செடி மேலும் நலிகிறதே ஒழியத் தேறுவதில்லை.

விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்த நாற்று கழுத்தில் மெலிந்து சாய்கிறது

விதை முளைக்க வெதுவெதுப்பு வேண்டும். சாதாரணமாக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும். ஆடியிலோ ஆவணித் தொடக்கத்திலோ விதைத்தால் ஐப்பசி அடைமழைக்கு முன் செடி வேரூன்றிவிடும். பழைய விதையும், கால் அங்குலத்துக்கும் கூடுதலான ஆழத்தில் புதைந்த விதையும் முளைக்காமல் போவதுண்டு.

முளைத்த நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நீர் கோத்ததுபோல் பழுப்பாகி, இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். நெருக்கமாக விதைப்பதும், மாலையில் நீர் ஊற்றி இரவெல்லாம் மண்ணை ஈரமாக விடுவதும் இதற்குக் காரணம். சாய்ந்த நாற்று பிழைக்காது. அதையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் எடுத்துவிட்டு, மீதியுள்ளவற்றுக்குக் காலையில் மட்டும், தட்டின் அடிவழியாக நீர் கொடுக்க வேண்டும். அடுத்த முறை விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) என்ற கணக்கில் விதைநேர்த்தி செய்ய வேண்டும். வீட்டில் விதைக்கும் சிறு பொட்டலத்துக்கு விதை மேல் மெல்லியதாகப் படியும் ஒரு சிட்டிகை போதும்.

தென்னை நார்க்கழிவில் விதைப்போர் அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் கழுவாத நார்க்கழிவில் தங்கியிருக்கும் உப்பு இளவேரைக் கருக்கிவிடும்.

செடி நெடுநெடுவென்று வளர்கிறது, முள்ளின் நிறம் மங்கிவிட்டது

இது நோயன்று. ஆரஞ்சு நிறம் வெயிலில்தான் ஏறும். வடக்குப் பார்த்த வராந்தாவிலும், வேப்பமர நிழலிலும் வைத்த செடியில் தண்டு மெலிந்து, கணுவிடை நீண்டு, முள் வெளிறிப்போகும். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்துக்கு அதை மாற்ற வேண்டும். ஆனால் ஒரே நாளில் மாற்றாமல், முதல் வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். கீழே உள்ள முதிர்ந்த இலைகளின் முள் பழுப்பாவது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

வெயில் போதுமான அளவு இருந்தும் இலை அகன்று, கரும்பச்சையாகி, பூவே வராமல் இருந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். யூரியா, கோழி எரு, அடிக்கடி ஊற்றும் மீன் அமிலம் ஆகியவற்றை நிறுத்திவிட்டு, பூக்கும் வரை மரச்சாம்பல் சிறிதளவு மட்டும் கொடுத்தால் செடி தானாகச் சமநிலைக்கு வரும். உப்புநீர் ஊற்றும் தொட்டிக்குச் சாம்பலும் வேண்டாம்.

செடி வாடுகிறது

இந்த ஒரே அறிகுறிக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு நஞ்சாகிவிடும் என்பதால் இங்கே நிதானம் வேண்டும்.

முதலாவது, உச்சி வெயிலில் துவண்டு, பொழுது சாய்ந்ததும் நிமிரும் வாட்டம். சித்திரை வைகாசியில், குறிப்பாக மே 4 முதல் 28 வரையிலான அக்னி நட்சத்திர நாள்களில், வெப்பம் 40 பாகையைத் தொடும்போது அகன்ற இலையுள்ள எந்தக் கத்தரி இனமும் இப்படித் துவளும். மண்ணில் ஈரம் இருந்தால் நீர் ஊற்றாமல் விட்டுவிட வேண்டும். மாடியில் கறுப்பு வளர்ப்புப் பையில் இருக்கும் செடிக்கு வெயில் இருபுறமும் தாக்குகிறது; மேலே இலை காய்கிறது, கீழே தளத்தின் சூடும் பையின் சூடும் வேரை வேக வைக்கின்றன. பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, பக்கங்களைச் சாக்குத் துணியால் மூடி, நண்பகல் 11 முதல் 3 மணி வரை 35 அல்லது 50 சதவீத நிழல்வலையின் கீழ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மண்ணின் மேல் வைக்கோலோ காய்ந்த வேப்பிலையோ இரண்டு அங்குலம் பரப்புவதும் உதவும்.

இரண்டாவது, மண் ஈரமாக இருந்தும் மாலையில் நிமிராத வாட்டம். கீழ் இலைகள் மஞ்சளாகி, மண்ணில் புளித்த வாடை வந்தால் வேர் அழுகுகிறது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் நேரடியாக நட்ட செடிக்கு ஐப்பசி, கார்த்திகையில் இது எளிதில் வரும். கரிசல் மழையில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கோடையில் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கிறது. இரண்டு பருவத்திலும் இந்தச் செடிக்கு அது ஏற்றதன்று. அங்கே ஒரு முழ உயரமாவது மேட்டுப்பாத்தி அமைத்து, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நட வேண்டும். தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு எரு ஒரு பங்கு என்ற கலவை போதுமானது. ஆற்று மணல் கிடைக்காமல் எம் சாண்ட் வாங்குவோர் அதிலுள்ள கல்தூள் போகும்வரை அலசிவிட்டுச் சேர்க்க வேண்டும். அந்தத் தூள்தான் தொட்டியின் அடியில் இறுகி நீர் வடியாமல் தடுக்கிறது.

மூன்றாவது, பச்சை மாறாமலேயே இரண்டு மூன்று நாள்களில் முழுச்செடியும் சரிந்துபோகும் வாட்டம். கத்தரி, தக்காளி போட்ட இடத்தில் இந்தச் செடியை நட்டிருந்தால் பாக்டீரிய வாடல் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். சோதிப்பது எளிது. தரையை ஒட்டிய தண்டில் இரண்டு அங்குலத் துண்டைச் சுத்தமான கத்தியால் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் நிரப்பி, வெட்டிய முனை நீரில் சற்றே அமிழும்படி தொங்கவிட்டு அசையாமல் வைக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்மையான இழை ஒன்று கலங்கலாக நீரில் இறங்கினால் அது அந்த நோய்தான். இதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடும் மண்ணோடும் அகற்றி எரித்துவிட வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது, வெட்டிய கத்தியைக் கொதிநீரில் கழுவ வேண்டும். அந்த மண்ணைச் சித்திரை வெயிலில் நனைத்து, ஒளி புகும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, 4 முதல் 6 வாரம் வைத்தால் கிருமிகள் வெகுவாகக் குறையும். மதுரை வெயிலால் தோட்டத்துக்குக் கிடைக்கும் பெரிய நன்மைகளில் இதுவும் ஒன்று. அதன் பிறகும் அந்த இடத்தில் ஓரிரு ஆண்டுகள் தக்காளி, மிளகாய், கத்தரி வகை எதையும் நடாமல் கீரையோ சோளமோ போடுவது நல்லது.

நான்காவது வாட்டம் மெல்ல வருவது. செடி குட்டையாகி, வெயில் ஏறினால் துவண்டு, எருவிட்டாலும் தேறாமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். அது வேர்முடிச்சு நூற்புழு. செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் இது மிகுதி. வேப்பம் புண்ணாக்கை மண்ணில் கலப்பதும், அருகிலும் அடுத்த பருவத்திலும் செண்டுமல்லி நடுவதும் இதைக் குறைக்கும். வாடல் நோயும் நூற்புழுவும் ஓயாமல் வரும் தோட்டத்தில், கத்தரி விவசாயிகள் சுண்டைக்காய் வேர்ச்செடியின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டுவது வழக்கம். சுண்டையின் வேர் இவ்விரண்டையும் பெரிதும் தாங்கும். இந்தச் செடியும் அதே கிளையைச் சேர்ந்தது என்பதால் ஒட்டுக்கட்டுவதில் கைப்பழக்கம் உள்ளவர்கள் முயன்று பார்க்கத் தகுந்த வழி இது.

இலையின் ஓரமும் நுனியும் கருகுகின்றன

தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். படிந்திருந்தால் காரணம் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு. மதுரையின் பல பகுதிகளில் கோடையில் நிலத்தடி நீரின் உவர்ப்பு ஏறுகிறது, குடிநீரில் கரைந்துள்ள உப்பை அளக்க வைத்திருக்கும் டிடிஎஸ் அளவியாலேயே இதை அறியலாம். அளவு 1,000 பிபிஎம்மைத் தாண்டினால் தொட்டிச் செடிக்கு எச்சரிக்கை தேவை. நிலத்தில் உள்ள செடிக்கு மழை உப்பைக் கழுவிவிடும், தொட்டியில் உள்ளதற்கு நாம்தான் கழுவ வேண்டும்: மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடியவிட வேண்டும். மழைநீரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் அதை இதற்கென ஒதுக்கலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மற்ற செடிகள் தாங்கினாலும் தொட்டியிலுள்ள இந்தச் செடிக்கு அது வேண்டவே வேண்டாம், ஏனெனில் நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இலை வெளிறி, ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றன

மாசி முதல் ஆனி வரை, காற்று வறண்டிருக்கும் நாள்களில், இந்தச் செடிக்கு முதல் எதிரி செஞ்சிலந்திப் பேன். வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்து, குச்சியால் இலையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தால், மிளகாய்த்தூள் சிந்தியது போன்ற புள்ளிகள் தாளில் விழுந்து, சற்று நேரத்தில் அவை ஊரத் தொடங்கும். விரலால் தேய்த்தால் சிவந்த கோடு விழும். தாக்குதல் முற்றினால் முள்ளுக்கு முள் மெல்லிய வலை கட்டியிருக்கும்.

இலையின் மேலுள்ள நுண்முடிகளும் முட்களும் பேனுக்கு நல்ல மறைவிடம் என்பதால் மேலாகத் தெளிக்கும் மருந்து பயன் தராது. வாரம் இரண்டு முறை அதிகாலையில் குழாய் நீரைக் கீழிருந்து மேலாக, இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுவதுதான் முதல் வைத்தியம். பிறகு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும், அது கலப்பதற்குச் சிறிது காதி சோப்பும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். வாரம் ஒரு முறை வீதம் மூன்று வாரம் தொடர வேண்டும், முட்டையிலிருந்து புதிதாக வருபவை முதல் தெளிப்பில் சாகாது. நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிப்பதும் பலன் தரும், ஆனால் 32 பாகைக்கு மேல் வெப்பம் உள்ள நாளில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும் என்பதால் மதுரைக் கோடையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது.

இலை சல்லடையாகிவிட்டது

பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் வலைப்பின்னலாக நின்றால் எபிலாக்னா வண்டைத் தேட வேண்டும். இலையடியில் நிமிர்த்தி வைத்த மஞ்சள் முட்டைக் கொத்துகளும், உடலெங்கும் கிளைத்த மென்முட்கள் உள்ள மஞ்சள் புழுக்களும் இருக்கும். இடுக்கியால் எடுத்துச் சோப்பு நீரில் போடுவதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். எண்ணிக்கை மிகுந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த நன்மை செய்யும் பொறிவண்டை அறியாமல் கொன்றுவிடக் கூடாது. அது எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும், அசுவினியைத் தின்று நம் செடியைக் காக்கும். இலை தின்னும் எபிலாக்னாவோ நுண்முடி போர்த்தி மங்கலாக இருக்கும்.

செடி நன்றாக இருக்க, நுனிக்குருத்து மட்டும் தொங்குகிறது

தண்டு துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. தொங்கும் இடத்துக்கு ஓரங்குலம் கீழே வெட்டி, துண்டைப் பிளந்து இளஞ்சிவப்புப் புழு இருப்பதை உறுதி செய்துகொண்டு எரித்துவிட வேண்டும். புழு தென்படாவிட்டால் இன்னும் சற்றுக் கீழே வெட்டிப் பார்க்க வேண்டும். பக்கக்கிளை தழைத்துச் செடி இன்னும் அடர்த்தியாகும்.

இலைகள் சிறுத்துக் கொத்துக் கொத்தாக வருகின்றன

கணுக்கள் நெருங்கி, இலை நகமளவுக்குச் சிறுத்து, முள்ளும் மெலிந்து, பூ வராமலோ பூவே இலையாக மாறியோ நின்றால் அது சிற்றிலை நோய். பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இதற்குக் காரணம், தத்துப்பூச்சி இதைப் பரப்புகிறது. குணமாக்க வழியில்லை, ஒரு கிளையில் மட்டும் தெரிந்தாலும் முழுச்செடியையும் எடுத்துவிட வேண்டும். பல வீட்டு முற்றங்களில் நிற்கும் நித்தியகல்யாணியும் இந்த வகை நோய்க்கு இடம் கொடுப்பது, ஆகவே அதில் இலை சிறுத்துப் பூ பச்சையாகியிருந்தால் அதையும் நீக்க வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறியை இலை மட்டத்தில் கட்டினால் தத்துப்பூச்சியின் வரவு தெரியும்.

இலை சிறுத்தாலும் கொத்தாக இல்லாமல், நுனி இலைகள் மட்டும் கீழ்நோக்கிச் சுருண்டு, தடித்து, அடியில் வெண்கல நிறம் பெற்றிருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் சிலந்தியின் வேலை. நுனியைக் கிள்ளிவிட்டு மேலே சொன்ன வேப்ப எண்ணெயைத் தெளித்தால் செடி மீண்டுவிடும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல செடியைப் பிடுங்கிவிட வேண்டாம்.

கணுக்களில் வெள்ளைப் பஞ்சு, தண்டில் எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. எறும்பை நிறுத்தாமல் பூச்சியை ஒழிக்க முடியாது. தொட்டியை நீர்த்தட்டின் நடுவே கல் வைத்து நிறுத்தி எறும்பின் வழியை அடைத்த பிறகு, சோப்பு நீரில் நனைத்த தூரிகையால் முள்ளிடுக்குகளைத் துடைக்க வேண்டும். தட்டின் நீரைக் கொசு வராதபடி இரண்டு நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை

அடுத்த ஆண்டுக்கு விதை வேண்டுவோருக்கு மட்டுமே இது குறை. கடுங்கோடையில் பூ உதிர்வது இயல்பு, வெப்பம் தணிந்ததும் சரியாகும். மாடியில் காய் பிடிக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. சொலானம் பூவின் மகரந்தப் பை நீளவாக்கில் வெடிப்பதில்லை; அதன் நுனியில் இரண்டு நுண்துளைகள் மட்டுமே இருக்கின்றன. காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டு அந்தப் பையைக் கால்களால் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலேயே மார்புத் தசைகளை அதிரவைக்கும்போது, ரீங்காரத்தின் சுருதி சட்டென்று உயர்வதும், துளை வழியே மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டுவதும் அருகில் நின்றால் தெரியும். நாம் தேனுக்கு வளர்க்கும் தேனீக்களுக்கு இப்படி அதிர்விக்கும் திறன் இல்லை. மூன்றாவது நான்காவது மாடிக்குக் கருவண்டு வராவிட்டால், மின்கலத்தில் இயங்கும் பல்துலக்கியின் பின்புறத்தைக் காலை 8 மணியளவில் பூக்காம்பில் சில வினாடிகள் தொட்டால் மகரந்தம் உதிர்ந்து சூல்முடியில் விழும். தோட்டத்தில் காய்ந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றை மழை படாத இடத்தில் கட்டி வைத்தால் கருவண்டு தானே குடியேறவும் கூடும்.

நடாத இடத்தில் நாற்று முளைக்கிறது

இதையும் கோளாறாகவே கருதிக் கையாள வேண்டும். சொலானம் பழங்களைக் கொண்டைக்குருவிகள் விரும்பித் தின்று விதையை வெகுதூரம் கொண்டுபோகும். வெளியிலிருந்து வந்த முட்செடி கண்மாயில் பரவினால் என்ன ஆகும் என்பதைச் சீமைக்கருவேலத்தால் நாம் நன்கு அறிந்திருக்கிறோம். அதை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட நேர்ந்தது. ஆகையால் விதைக்கென ஒன்றிரண்டு காய்களைத் துணிப்பையால் மூடி வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பழுப்பதற்கு முன்பே கத்தரித்துவிட வேண்டும். தானாக முளைத்த நாற்றுகளை நான்கைந்து இலைப் பருவத்தில், முள் இறுகுவதற்கு முன் பிடுங்குவது எளிது. கழித்த கிளைகளைக் குப்பை வண்டியில் போடும்போது பல அடுக்குச் செய்தித்தாளில் சுற்றி, வெளியே தெரியும்படி முள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ஏனெனில் அதைத் தூய்மைப் பணியாளர்கள் கையால்தான் பிரிக்கிறார்கள். செடியைப் பற்றிச் சந்தேகம் தீராதவர்கள் ஒரு இலையையும் பூவையும் ஒளி புகும் பையில் இட்டு, ஒத்தக்கடையில் யானைமலை அருகே உள்ள வேளாண்மைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று காட்டலாம்.